பழைய சிறு கார்களுக்கான எஞ்சின் ஆயில்: தென்காசி, குற்றாலம் வட்டாரம்

எஞ்சின் ஆயில் என்பது, எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று உரசி இயங்கும் உலோகப் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பதோடு, பிஸ்டனிலும் பேரிங்குகளிலும் ஏறும் சூட்டை வாங்கி இறக்கி, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் ஏந்தி, உட்புறம் துருப்பிடிக்காமலும் காக்கும் மசகுப் பொருளாகும். பெட்ரோலியத்திலிருந்தோ வேதித் தொகுப்பாலோ பெறப்படும் அடிப்படை எண்ணெயும், அதில் சிறிய அளவில் கலக்கப்படும் சேர்மானங்களும் இதன் இரு கூறுகள். இன்று கடைகளில் கிடைக்கும் ஆயில்களில் பெரும்பகுதி புதிய கார்களை முன்வைத்து உருவாக்கப்படுவதால், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட எஞ்சினுக்கு ஏற்றதைத் தேர்வது தனிக் கவனம் கோருகிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதியில் ஓடும் பழைய சிறு கார்களைப் பொறுத்தவரை, டப்பாவின் மேல் அச்சிட்ட எண்களுக்குக் கொடுக்கப்படும் கவனத்தில் பாதிகூட, ஆயில் எத்தனை மாதமாக எஞ்சினுக்குள் கிடக்கிறது என்பதற்குக் கொடுக்கப்படுவதில்லை. இவ்வட்டாரத்தின் சாரல் காலத்தில் எஞ்சினைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது அந்தப் பழைய ஆயிலே.

கார்களும் அவற்றின் எஞ்சின்களும்

இந்தியாவில் பழைய சிறு கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்த ஃபியட் 1100 ஆகும். 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற அக்கார், வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினியத் தலையும் கொண்ட 1089 சிசி எஞ்சினுடன் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தயாரிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கே உரிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னை வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரை 948 சிசி எஞ்சினுடன் 1961 முதல் தயாரித்து, பின்னர் இந்தியக் குடும்பங்களுக்கென நான்கு கதவு வடிவத்தையும் வெளியிட்டது. இவற்றுக்கு ஒரு தலைமுறை பின்னால், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது.

முதல் இரண்டும் ஒரே வகை அமைப்பைச் சேர்ந்தவை. எஞ்சினின் பக்கவாட்டில், கீழே சுழலும் கேம்ஷாஃப்டின் முட்டை வடிவப் புடைப்பு, தட்டையான அடிப்பாகம் கொண்ட டேப்பெட்டை நேரடியாக உரசித் தூக்க, அந்த அசைவு நீண்ட தண்டு வழியாக மேலேறி வால்வைத் திறக்கிறது. புடைப்பு டேப்பெட்டைத் தொடும் இடம் மிகக் குறுகியதாகவும் அழுத்தம் மிகுந்ததாகவும் இருப்பதால், ஆயில் படலம் அங்கே அறுந்து உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு. மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் தலையிலேயே அமைந்திருக்கிறது. பிற்காலத்து வண்டிகளில் புகைக் குழாயில் வினையூக்கி மாற்றியும் சேர்ந்துகொண்டது. ஆகவே அதன் தேவை வேறு.

பாகுநிலை எண்கள்

நீர்மம் ஒழுகுவதற்குக் காட்டும் தடையே பாகுநிலை. சூடேறினால் அது குறையும். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஈ வகுத்த முறைப்படி, 20டபிள்யூ-50 என்ற குறியில் ‘டபிள்யூ’ சேர்ந்த முன் எண் குளிரில் ஆயில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும், பின் எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலையையும் குறிக்கின்றன. நூறு டிகிரியில் 30 ரகம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40 ரகம் 12.5 முதல் 16.3 வரையிலும், 50 ரகம் 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்க வேண்டும்.

முன் எண் எந்தக் குளிரைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இவ்வட்டாரத்துக்கான தேர்வு பாதி முடிந்துவிடும். 20டபிள்யூ ஆயிலில் எஞ்சின் சுழலும் தன்மை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் சோதிக்கப்படுகிறது. செங்கோட்டைக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் தென்காசியிலோ, மார்கழி அதிகாலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. கோடை நண்பகலில் 35 டிகிரியைத் தாண்டுகிறது. பனி உறையும் நாடுகளுக்காக வகுத்த 0டபிள்யூ, 5டபிள்யூ ஆயில்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பதால் இங்கே ஓடும் பத்மினிக்குக் குளிர்காலப் பலன் எதுவும் இல்லை. மாறாக, 5டபிள்யூ-50 போன்ற அகன்ற வீச்சு ஆயில்கள் அவ்வீச்சைப் பெற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாகுநிலைச் சீராக்கியை அதிகம் நம்புகின்றன. பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி அம்மூலக்கூறுகள் அறுபடும்போது ஆயில் காலப்போக்கில் மெலிந்துவிடுகிறது. குறுகிய வீச்சுள்ள 20டபிள்யூ-50க்கு அந்தச் சேர்மானம் குறைவாகவே தேவைப்படுவதால், வெப்ப நாட்டில் அது நின்று உழைக்கிறது.

பின் எண்ணைத் தேர்வது எஞ்சினின் தேய்மானத்தைப் பொறுத்தது. அக்கால எஞ்சின்களில் பேரிங் இடைவெளிகள் இன்றையவற்றைவிடத் தாராளமானவை. மெல்லிய ஆயில் அவ்விடைவெளிகளின் ஓரங்களில் எளிதாக வழிந்து அழுத்தம் இறங்கிவிடும். போரிங் செய்து, பேரிங் மாற்றி, நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-40 போதுமானது. ஓடித் தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் நிறை ஆட்களுடன் ஏறி, ஆரியங்காவுப் பக்கம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் ஓடவிடும்போது ஆயில் விளக்கு மினுக்கினால், முதலில் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, அது சரியாக இருப்பின் 40இலிருந்து 50க்கு மாறலாம். 50 ரகத்திலும் விளக்கு மினுக்கினால் குறை பேரிங்கிலோ ஆயில் பம்பிலோ இருக்கிறது. இன்னும் கெட்டியான ஆயிலையோ கெட்டியாக்கும் மருந்தையோ ஊற்றுவது நோயை மறைத்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும் நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே. கியர் பெட்டிக்குரிய 90 ரகத்தை எஞ்சின் ஆயிலைவிட இருமடங்கு கெட்டியானது என்று கருதுவோர் உண்டு. கியர் ஆயிலின் அளவுகோல் வேறு, அந்த 90 ஏறத்தாழ எஞ்சின் ஆயிலின் 40, 50 ரகங்களின் பாகுநிலையையே கொண்டது. அதன் சேர்மானங்கள் எஞ்சினுக்கு உரியவை அல்ல என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றக் கூடாது.

துத்தநாகமும் தர எழுத்துகளும்

தட்டை டேப்பெட்டைக் காப்பது துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்னும் சேர்மம். அழுத்தமும் சூடும் மிகுந்த இடத்தில் இது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிந்து, ஆயில் அறுந்த கணத்திலும் தேய்மானத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதிலுள்ள பாஸ்பரஸ், ஆயிலோடு சிறிது சிறிதாக எரிந்து வெளியேறி, வினையூக்கி மாற்றியின் மேற்பரப்பை மூடி அதைச் செயலிழக்கச் செய்கிறது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ, பெட்ரோல் எஞ்சின் ஆயில்களின் தரத்தை ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்துகளால் குறிக்கிறது. 1980இல் எஸ்எஃப், 2004இல் எஸ்எம், 2010இல் எஸ்என், 2020இல் எஸ்பி என அது நகர்ந்து வந்திருக்கிறது. எஸ்எம் முதல் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வந்ததால், புதிய தர ஆயில் எதுவும் பழைய எஞ்சினுக்கு ஆகாது என்ற பேச்சு பரவியது. இது முழு உண்மை அன்று. அவ்வரம்பு எரிபொருள் சிக்கனம் கருதிய 20, 30 ரக மெல்லிய ஆயில்களுக்கே உரியது. 20டபிள்யூ-50 போன்றவை அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. எனவே எஸ்எல், எஸ்என் தர 20டபிள்யூ-50இல் போதிய துத்தநாகம் இருக்க இடமுண்டு; தயாரிப்பாளரின் விவரத்தாளில் துத்தநாகம் அல்லது பாஸ்பரஸ் அளவு கொடுக்கப்பட்டிருப்பின், பாஸ்பரஸ் 0.10 விழுக்காட்டை ஒட்டியிருப்பதைத் தேர்வது நன்று. வினையூக்கி மாற்றி உள்ள மாருதி 800க்கு அதன் கையேடு கூறும் ரகமே ஏற்றது.

கேரளத்துக்குச் செல்லும் சரக்கு லாரிகளுக்காகச் செங்கோட்டைச் சாலைக் கடைகளில் எளிதில் கிடைக்கும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில், துத்தநாகமும் அழுக்கு நீக்கிகளும் நிறைந்தது. அவசரத்துக்கு மட்டுமன்றி வழக்கமாக ஊற்றவும் தகுதியுடையது. எனினும் ஆயில் குடிக்கும் எஞ்சினில் அதன் சாம்பல், பிஸ்டன் தலையில் படியும். இருசக்கர வாகனங்களுக்கான 20டபிள்யூ-40 ஆயிலையும் சிலர் ஊற்றுகின்றனர். கிளட்ச் வழுக்காமலிருக்க உராய்வுக் குறைப்பி சேர்க்காமல் அது தயாராகிறது, காருக்கு அதனால் தீங்கில்லை. சிந்தெடிக் ஆயில் பழைய சீல்களைத் தின்றுவிடும் என்பது மிகை. நெடுங்காலம் படிந்த கசடே கசிவை அடைத்துக்கொண்டிருந்த எஞ்சினில், எந்தப் புதிய ஆயில் அதைக் கழுவினாலும் கசிவு வெளிப்படும்.

சாரலும் குறுந்தூர ஓட்டமும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக் குழாய் வழியே போய்விட்டாலும், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒரு பகுதி கீழே இறங்கி, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் குளிர்ந்திருந்தால் அங்கேயே நீராகப் படிகிறது. எஞ்சினைச் சூழ்ந்த தண்ணீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும்; ஆயில் சூடேற அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் வேண்டும். தென்காசியிலிருந்து குற்றாலம் பேரருவிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அதேபோன்ற சிறு தூரங்களே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனில், ஈரக் காற்றும் சாரலும் பொனெட்டைக் குளிர்வித்துக்கொண்டிருக்க, இத்தகைய தூரங்களை ஓடி நின்று ஓடி நிற்கும் காரின் ஆயில், நீரை ஆவியாக்கும் சூட்டை எட்டாமலேயே நாளைக் கழிக்கிறது.

இதன் அடையாளம் ஆயில் ஊற்றும் வாயின் மூடியில் தெரியும். மூடியைத் திருகி எடுத்தால் அதன் உட்புறத்தில் வெளிர் மஞ்சள் நிறத்தில், வெண்ணெய் போன்ற பசை ஒட்டியிருக்கும். விரலால் வழித்தால் வழவழப்பின்றி நுரையாக உடைந்துபோகும். அது ஆயிலும் நீரும் கலந்த குழம்பு. மூடியில் மட்டும் இருந்தால் குறுந்தூர ஓட்டத்தின் விளைவு. ஆயில் அளவுக் கம்பியிலும் அதே நிறம் தென்பட்டு, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். இந்நீர், எரிபொருளிலிருந்து வரும் அமிலங்களோடு சேர்ந்து பேரிங்கையும் கேம்ஷாஃப்டையும் அரிக்கிறது. குளிர் எஞ்சினில் சோக் இழுத்து ஓட்டும்போது எரியாத பெட்ரோலும் இறங்கி ஆயிலை மெலிவிக்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் இயல்பு இருப்பதால், இப்போது பரவலாகியுள்ள 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இச்சிக்கலைக் குறைப்பதாக இல்லை.

ஆதலால் ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று காத்திருப்பது இங்கே பொருந்தாது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டரே ஓடும் ஹெரால்டுக்கும் ஆண்டில் இருமுறை ஆயில் மாற்றுவது தகும். அவற்றில் ஒன்று சீசன் முடிந்த செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அமைந்தால் மூன்று மாத ஈரம் எஞ்சினில் தங்காமல் வெளியேறும். விலையுயர்ந்த ஆயிலை ஓராண்டு வைத்திருப்பதைவிட நடுத்தர விலை மினரல் ஆயிலை இருமுறை மாற்றுவது இக்கார்களுக்கு மேலானது. சீசன் நாட்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிச் சாலையில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால் சம்பிலுள்ள நீர் பெரும்பாலும் ஆவியாகிவிடும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுவது இதற்கு நேர்மாறான பலனைத் தரும்.

மாற்றும் முறை

எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பிறகே டிரெயின் நட்டைக் கழற்ற வேண்டும். கரியும் கசடும் ஆயிலில் மிதக்கும்போதுதான் முழுதும் இறங்கும். முதலில் ஒழுகுவது தெளிந்த நீராக இருந்தால் மேற்கூறிய ஈரமே அது. புதிய ஆயிலை அளவுக் கம்பியின் மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். மிகுந்தால் கிராங்க்ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். போரிங் செய்த எஞ்சினுக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் வரை துத்தநாகம் நிறைந்த மினரல் ஆயிலே ரிங்குகள் சிலிண்டரோடு படிய உதவும். போலி ஆயில் புழங்கும் சந்தையில் சீல் உடையாத டப்பாவை வாங்குவதும், காலி டப்பாவைக் கிழித்து எறிவதும் தேவை.

இறக்கிய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாகவே தாமிரபரணிக்குப் போகிறது என்பதால், அதை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு உரிமம் பெற்றோரிடம் அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.