எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்: இ.ஆர்.சி.பி. சிகிச்சையின் பாதுகாப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்திப் பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் ஆராயும் முறை இ.ஆர்.சி.பி. எனப்படுகிறது. இம்முறையின் தீங்கு வீதம் 1976இல் 3 விழுக்காடு எனவும் 1996இல் 9.8 விழுக்காடு எனவும் பதிவாகியுள்ளது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கருவிகள் மேம்பட்டன. மருத்துவரின் பயிற்சியும் கூடியது. அவ்வாறிருக்கத் தீங்கு மும்மடங்கானதாகத் தோன்றுவது ஏன் என்ற வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. எதனைத் தீங்கெனக் கொள்வது, யார் அதனை எண்ணுவது என்பவை மாறியமையே இதற்குத் தலையாய காரணம் என்றும், அந்த எண்ணிக்கையே பின்னர் ஒரு நோய்ப்பெயரை வழக்கொழியச் செய்தது என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உள்நோக்கி, இ.ஆர்.சி.பி., கணைய அழற்சி, சுருக்குத்தசை, மருத்துவ வரலாறு.

முன்னுரை

உள்நோக்கியின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே எழுதுவது மரபு. 1806இல் ஃபிலிப் பொட்சீனி அமைத்த ஒளிசெலுத்தி, 1868இல் வாள் விழுங்கும் கலைஞர் ஒருவரைக் கொண்டு அடால்ஃப் குஸ்மாவுல் நிகழ்த்திய இரைப்பை ஆய்வு, 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் அமைத்த ஓரளவு வளையும் இரைப்பைநோக்கி, 1957இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் உருவாக்கிய ஒளியிழை உள்நோக்கி என அந்நிரல் நீளும். இவ்வரிசையில் நோயாளிக்கு இடமில்லை. ஆயினும் ஷிண்ட்லரையேனும் கருவியமைத்தவர் என்ற அளவில் நிறுத்திவிட இயலாது. நாசி ஆட்சியில் சிறைப்பட்டுப் பின் அமெரிக்காவில் குடியேறிய அவர், இரைப்பைநோக்கியால் நேர்ந்த இறப்புகள் குறித்து வினாநிரல் அனுப்பி விவரம் திரட்டி, 1940இல் முடிவுகளை வெளியிட்டார். 22,000க்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதில் கணக்கிடப்பட்டன. தம் கருவியைத் தாமே விசாரணைக்கு உட்படுத்திய அச்செயல் பாராட்டுக்குரியது. எனினும், கருவியைக் கையாண்ட மருத்துவரே தம் நினைவிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் தீங்கை அறிவிக்கும் முறை என்பதனால், அதன் வரம்பும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. அவ்வரம்பு மிகத் தெளிவாக வெளிப்பட்ட களம் இ.ஆர்.சி.பி. ஆகும்.

சில மில்லிமீட்டர் வாயில்

பித்தநாளமும் கணையநாளமும் முன்சிறுகுடலின் உட்சுவரில் ஒரு சிறு புடைப்பின் வழியே திறக்கின்றன. அவ்வாயிலை ஒரு சுருக்குத்தசை காக்கிறது. அதன் திறப்பு சில மில்லிமீட்டர் அகலமே கொண்டது. 1968இல் வில்லியம் மெக்கூனும் அவர்தம் குழுவினரும் உள்நோக்கி வழியாக அவ்வாயிலுள் நுண்குழாய் செலுத்திய முயற்சியை முதன்முதலில் வெளியிட்டனர். அவர்களது முயற்சிகளில் பெரும்பாலானவை கைகூடவில்லை. தொடர்ந்து, பக்கவாட்டில் நோக்கும் உள்நோக்கிகளைக் கொண்டு ஜப்பானிய மருத்துவர் இம்முறையை நடைமுறைக்குரியதாக ஆக்கினர். கியோட்டோவில் கவாய் குழுவினரும் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசன், டெம்லிங் ஆகியோரும் சுருக்குத்தசையை மின்கம்பியால் வெட்டிப் பித்தநாளக் கற்களை அகற்றிய செய்தியைத் தனித்தனியே 1974இல் வெளியிட்டனர். அதுவரை நோயைக் காட்டும் கண்ணாக இருந்த கருவி அன்றுமுதல் நோயைத் தீர்க்கும் கையாகவும் ஆயிற்று. பித்தநாளத்தில் தங்கிய கல்லுக்காக வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியிருந்த அறுவையைப் பலர் இதனால் தவிர்த்தனர். இந்நன்மை ஐயத்திற்கு இடமற்றது; பின்வரும் விவாதம் அதனை மறுப்பதன்று.

சிக்கல் கணையத்தில் எழுந்தது. வாயிலைத் தேடும் நுண்குழாய் மீண்டும் மீண்டும் உராய்வதால் வீக்கம் உண்டாகிக் கணையநீர் தேங்குகிறது. கணையநாளத்தினுள் சாயம் அழுத்தத்துடன் புகுகிறது. செரிமான நொதிகள் குடலை அடையுமுன் கணையத்துக்குள்ளேயே செயற்படத் தொடங்கிவிடின் அவ்வுறுப்பு தன்னைத்தானே செரிக்க முற்படும். பெரும்பாலோருக்கு இது சில நாள் வலியுடன் தணியும். சிலருக்கோ உயிரையே பறிக்கும். குருதிப்போக்கு, குடல் துளைபடல், பித்தநாளத் தொற்று ஆகியவையும் நேர்வதுண்டு.

மூன்று விழுக்காடு

1976இல் பில்பாவோவும் உடன் ஆய்வாளரும் அமெரிக்காவில் இக்கருவியைக் கையாண்டோரிடம் வினாநிரல் வழியே திரட்டிய 10,000 நிகழ்வுகளின் விவரத்தை வெளியிட்டனர். சிக்கல்கள் 3 விழுக்காடு, இறப்பு 0.2 விழுக்காடு என்பது அவர்களது முடிவு. பயிற்சி குறைந்தோரிடம் வெற்றி குறைவு, சிக்கல் மிகுதி என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. எனினும் வினாநிரலுக்கு விடையளித்தோர் மட்டுமே அதில் இடம்பெற்றனர். மேலும், சிக்கல் என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை அன்று இல்லை. மறுநாள் நோயாளிக்கு வயிற்றுவலி தொடர்ந்தால் அது கணைய அழற்சியா, இயல்பான வலியா என்பதை அந்தந்த மருத்துவரே தீர்மானித்தார். வீடு திரும்பிய நோயாளி ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்திருப்பின் அச்செய்தி கணக்கில் வருவதற்கு வழியே இல்லை.

வரையறையின் வரவு

இந்நிலையை மாற்றியது 1991இல் பீட்டர் காட்டன் முதலானோர் வெளியிட்ட கருத்திணக்கக் கட்டுரை. சுருக்குத்தசை வெட்டின் சிக்கல்கள் குறித்துக் கருத்திணக்கம் காணும் முயற்சி என்றே அதனை அவர்கள் அழைத்தனர். அதன்படி, சிகிச்சைக்குப் பின் கணைய அழற்சிக்குரிய வலி புதிதாகத் தோன்றுதல் அல்லது முன்னிருந்த வலி கூடுதல், 24 மணி நேரத்திற்குப் பின்னரும் குருதியில் அமைலேஸ் அளவு இயல்பைவிட மும்மடங்காவது இருத்தல், மருத்துவமனையில் தங்க நேர்தல் அல்லது தங்கும் காலம் நீளுதல் ஆகிய மூன்றும் பொருந்தினால் அது கணைய அழற்சி எனக் கொள்ளப்படும். 2 முதல் 3 நாள் தங்கினால் மிதமானது. 4 முதல் 10 நாள் எனின் நடுத்தரமானது. பத்து நாளைக் கடந்தால் கடுமையானது.

தீவிரத்தை அளக்கும் கோலாக நோயாளி படுக்கையில் கழித்த நாள்களைத் தேர்ந்தமை குறைபாடுடையதே. மருத்துவமனையின் வழக்கத்திற்கேற்ப அவ்வெண் மாறக்கூடும். ஆனால் அந்நாள்களை எவரும் எண்ணலாம். மருத்துவரின் மதிப்பீட்டை அவை சாரவில்லை. இவ்வரையறையின் வலிமை அங்கேதான் உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அவ்வரையறைகளைக் கொண்டு மார்ட்டின் ஃப்ரீமன் தலைமையில் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 17 மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்த முன்னோக்கு ஆய்வு 1996இல் வெளிவந்தது. சுருக்குத்தசை வெட்டுக்கு உட்பட்ட 2,347 பேரை விடுபாடின்றி வரிசையாகச் சேர்த்து, 30 நாள்கள் வரை அவர்களைத் தொடர்ந்தனர். 9.8 விழுக்காட்டினருக்குச் சிக்கல் நேர்ந்தது: கணைய அழற்சி 5.4, குருதிப்போக்கு 2.0. பில்பாவோவின் தொகுப்பு சாயமேற்றிப் படமெடுத்தோரையும் உள்ளடக்கியது. ஃப்ரீமனின் ஆய்வோ வெட்டுக்கு உட்பட்டோரை மட்டும் கொண்டது. ஆகவே இரண்டையும் நேரடியாக ஒப்பிடல் பொருந்தாது. அதனை ஒதுக்கிப் பார்ப்பினும், முன்கூட்டியே வரையறுத்துத் தேடுவோர் கண்ணில் படுவது நினைவுகூர்ந்து எழுதுவோர் கண்ணில் படுவதில்லை என்பது தெளிவு.

ஆயினும் இவ்வாய்வின் உண்மையான அதிர்ச்சி மொத்த விழுக்காட்டில் இல்லை. நுண்துளை அறுவையால் பித்தப்பையை நீக்கிய 30 நாள்களுக்குள் பித்தநாளக் கல்லுக்காகச் சிகிச்சை பெற்றோரிடம் சிக்கல் 4.9 விழுக்காடே. சுருக்குத்தசைச் செயற்கோளாறு என ஐயுற்றுச் சிகிச்சை பெற்றோரிடமோ அது 21.7 விழுக்காடு. வாரத்திற்கு ஒன்றுக்கு மேல் இச்சிகிச்சையைச் செய்த மருத்துவர்களிடம் சிக்கல் 8.4 விழுக்காடு, ஏனையோரிடம் 11.1 விழுக்காடு என்ற வேறுபாடும் புலப்பட்டது. ஆனால் யார் செய்தார் என்பதைவிட எதற்காகச் செய்தார் என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியிருந்தது. இச்சிகிச்சை குறைவாகத் தேவைப்படுவோருக்கே அது மிகுந்த ஆபத்தை விளைக்கிறது எனப் பின்னர் 2001இல் காட்டன் எழுதியது இதனைச் சுட்டியே.

கல்லில்லா வலி

சுருக்குத்தசைச் செயற்கோளாறு என்பது யாது? பித்தப்பையை நீக்கிய பின்னரும் சிலருக்கு வலி தொடர்கிறது; நாளத்தில் கல் இல்லை. சுருக்குத்தசை இறுகியிருப்பதே காரணமாகலாம் என்ற கருதுகோளின் மேல் இந்நோய்ப்பெயர் எழுந்தது. ஈரல் சோதனை மாற்றமும் நாள விரிவும் உடையோர் முதல் வகை. இரண்டில் ஒன்று மட்டும் உடையோர் இரண்டாம் வகை. வலி தவிர வேறெந்தத் தடயமும் இல்லாதோர் மூன்றாம் வகை.

1989இல் ஜீனன் முதலானோர் 47 பேரைக் கொண்டு, வெட்டையும் போலிச் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். சுருக்குத்தசை அழுத்தம் மிகுந்தோர் வெட்டினால் தெளிவாகப் பயன்பெற்றனர். போலிச் சிகிச்சையை ஒப்பீட்டுக்குக் கொண்ட அவ்வாய்வு அக்காலத்தில் அரியது. அதன் முடிவும் வலுவானது. ஆனால் அது ஆராய்ந்தது இரண்டாம் வகையினரை. தடயமே இல்லாத மூன்றாம் வகையினருக்கும் அச்சிகிச்சை விரிவுபடுத்தப்பட்டமைக்கு அதுபோன்றதொரு சான்று இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் இவ்விடைவெளி நிரப்பப்படாமலே இருந்தது.

இப்பிரிவினரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். வலியைத் தவிரக் காட்டுவதற்கு வேறொன்றுமில்லாத பெண்ணிடம் மருத்துவம் இரு வழிகளில் நடந்துகொள்ளக்கூடும்: வலியை நம்ப மறுத்தல் ஒன்று, நம்பியதற்கு அடையாளமாகக் கத்தியை எடுத்தல் மற்றொன்று. இரண்டாவது பரிவின் வடிவில் வருவதால் அதன் தீங்கு எளிதில் புலப்படுவதில்லை. 2006இல் காட்டன் ஆராய்ந்த 59 இ.ஆர்.சி.பி. வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எழுந்த குற்றச்சாட்டு, சிகிச்சை பிழையாகச் செய்யப்பட்டது என்பதன்று. அது தேவையே இல்லை என்பதாகும்.

இதற்குரிய விடை 2014இல் கிடைத்தது. எபிசாட் எனப் பெயரிடப்பட்ட ஆய்வில் அமெரிக்காவின் 7 மையங்களில் 214 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் 92 விழுக்காட்டினர் பெண்கள். 141 பேருக்குச் சுருக்குத்தசை வெட்டப்பட்டது. 73 பேருக்கு உள்நோக்கி செலுத்தப்பட்டதே அன்றி வெட்டு நிகழவில்லை. தமக்கு எது நிகழ்ந்தது என்பதை நோயாளியர் அறியார். ஓராண்டின் முடிவில் வெட்டப்பட்டோரில் 23 விழுக்காட்டினரும் வெட்டப்படாதோரில் 37 விழுக்காட்டினரும் நலமடைந்தோர் எனக் கணிக்கப்பட்டனர். வெட்டப்பட்டோரில் 11 விழுக்காட்டினருக்கும் வெட்டப்படாதோரில் 15 விழுக்காட்டினருக்கும் கணைய அழற்சி ஏற்பட்டது. அதாவது, கணையத்தைத் தாக்குவதற்கு வெட்டுகூட வேண்டியதில்லை. வாயிலைத் தொட்டதே போதுமானதாக இருந்தது. 2016இல் வெளிவந்த நான்காம் ரோம் வரையறைத் தொகுப்பு மூன்றாம் வகை என்ற பெயரையே கைவிட்டது.

இடைக்காலத்தில் தடுப்புமுறைகளும் வளர்ந்தன. கணையநாளத்தில் சிறு ஸ்டென்ட் பொருத்துதல் ஒன்று. சிகிச்சை முடிந்தவுடன் மலக்குடல் வழியாக ஒருமுறை தரும் இண்டோமெதாசின் மற்றொன்று. எல்முன்சர் குழுவினர் 602 பேரிடம் நிகழ்த்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில் கணைய அழற்சி 16.9 விழுக்காட்டிலிருந்து 9.2 விழுக்காடாகக் குறைந்தது. விலை குறைந்த ஒரு பழைய மருந்து இத்துணைப் பயன் தந்தது வியப்பிற்குரியது. எனினும் அந்த 602 பேரில் 82 விழுக்காட்டினர் சுருக்குத்தசைச் செயற்கோளாறு ஐயத்திற்கு உட்பட்டோர் என்பதையும் சேர்த்தே இவ்வெண்களைப் படிக்க வேண்டும். கணைய அழற்சியைத் தடுக்கும் உறுதியான வழி, தேவையில்லாதவருக்கு இதனைச் செய்யாமலிருப்பதே. காந்த அதிர்வுப் படமும் உள்நோக்கி வழி ஒலியலைப் படமும் வந்தபின், நோயைக் காண்பதற்கென்று மட்டும் இ.ஆர்.சி.பி. செய்வதைத் தவிர்க்குமாறு 2002இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு அறிவுறுத்தியது.

முப்பது நாளுக்கு அப்பால்

2010இல் அமெரிக்க உள்நோக்கி மருத்துவச் சங்கத்தின் சார்பில் புதிய சொல்வரையறைத் தொகுப்பு ஒன்று வந்தது. ‘சிக்கல்’ என்ற சொல்லை விடுத்துப் ‘பாதக நிகழ்வு’ என்ற சொல்லை அது ஏற்றது. ஆயினும் 1991இல் தொடங்கிய எண்ணும் மரபுக்கு எட்டாத ஒரு தீங்கு அப்போதும் எஞ்சியிருந்தது. 2013இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மருந்துகளுக்கு அடங்காத ஒருவகைக் குடல் நுண்ணுயிர் 39 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 35 பேர் ஒரே மருத்துவமனையில் இ.ஆர்.சி.பி.க்குரிய உள்நோக்கியின் தொடர்பு உடையோர். இத்தொடர்பை இனங்கண்டோர் நோய்த்தடுப்புத் துறையின் புலனாய்வாளர்கள். சிகிச்சை செய்த மருத்துவர்களின் சிக்கல் பதிவேடுகள் அதனைக் காட்டித் தரவில்லை. ஏனெனில் நுண்ணுயிர் வாரங்களும் மாதங்களும் கடந்து, வேறொரு நோயின் போர்வையில் வெளிப்படலாம்.

நுண்குழாயைச் சரித்து வாயிலை நோக்கித் திருப்பும் சிறு நெம்புகோல் அக்கருவியின் நுனியில் உள்ளது. இச்சிகிச்சையை இயலச் செய்த உறுப்பு அதுவே. தூய்மைத் தூரிகை எட்டாத இடுக்குகளைக் கொண்டதும் அதுவே. அம்மருத்துவமனையின் தூய்மை நடைமுறையில் புலனாய்வாளர் பிழையெதனையும் காணவில்லை. விதித்த முறைப்படியே கருவி கழுவப்பட்டிருந்தது. 2012 முதல் 2015 வரை இத்தகைய நிகழ்வுகள் குறைந்தது 25 என்றும், உலகளவில் பாதிக்கப்பட்டோர் குறைந்தது 250 பேர் என்றும் 2016இல் அமெரிக்க மேலவையின் விசாரணை அறிக்கை கணக்கிட்டது. இல்லினாய் மருத்துவமனை தன் உள்நோக்கிகளை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் நுண்ணுயிர் நீக்கம் செய்யத் தொடங்கியது; அதன்பின் அங்குப் புதிய தொற்று பதிவாகவில்லை.