மண்ணெண்ணெய் குடித்த எங்கள் ஏ-40

எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் 1953ஆம் ஆண்டு தயாரிப்பு. 1978இல் அப்பா வாங்கும்போதே அதற்கு 25 வயது. அதை வாடகைக்கு ஓடித்தான் எங்களைப் படிப்பித்தார். இப்போது பராமரிப்பது நான். "இதை வித்துப்போட்டு வேற ஒண்டு எடுக்கலாமே?" என்று கேட்காத உறவினர் குறைவு.

இந்த மாதிரி இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரானது. 1200 சிசி, நான்கு சிலிண்டர். பற்றரி இறங்கினால் முன்பக்கம் ஹான்டில் போட்டுச் சுழற்றலாம்.

தடைக்காலம்

1990இல் மீண்டும் போர் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலைக் காண்பதே அரிதானது. மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை அப்பா காபரேற்றருக்குள் விடுவார். எஞ்சின் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் இது சாத்தியமானது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, எங்கள் காருக்குள் அயலட்டை முதியவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். சன நெரிசலில் ஊர்ந்ததால் ரேடியேற்றர் கொதித்தது. அப்பா குடையை விரித்துப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்தார். முதலில் முதியவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். மிச்சம்தான் ரேடியேற்றருக்கு.

அதற்கான விலை

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் ரிங்கும் பேரிங்கும் தேயும். போர் முடிந்தபின் எஞ்சினைக் கழற்றிய மெக்கானிக் உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின்" என்றார். சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடவேண்டி வந்தது. அந்தச் செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தின்றது.

வாங்க நினைப்பவர்களுக்கு

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கும். கடற்காற்றுப் படும் ஊர்க் கார் என்றால் கால்விரிப்பைத் தூக்கி, தளத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஏ-40இல் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்படும். பழக்கமில்லாத ஒருவர் அதை மாற்றிப் பூட்டியதில் எங்கள் கார் ஒரு கிழமை நின்றது.

எல்லாவற்றிலும் முக்கியம் புத்தகம். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் பல. சில கார்களின் உரிமையாளர் இறந்துவிட்டார் அல்லது வெளிநாட்டில் இருக்கிறார். எஞ்சின், செசி இலக்கங்கள் புத்தகத்தோடு பொருந்துகிறதா, விற்பவருக்குக் கையெழுத்திடும் உரிமை இருக்கிறதா என்று பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

ஏன் விற்கவில்லை?

புதிய பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் புஷ் கடைந்து எடுக்கலாம். கஸ்கற்றை வெட்டிப் போடலாம். பழுது எங்கே என்பதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம்.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்து வந்த ஒருநாள், "அப்பப்பா மாதிரி மண்ணெண்ணெயில ஓடேலாதோ?" என்று மகள் கேட்டாள். அந்த நாட்களில் மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். கிடைத்திருந்தாலும் ஊற்றியிருக்க மாட்டேன். அவர் வேறு வழியில்லாமல் செய்தது அது.

அந்த மருந்துப் போத்தல் இன்றும் காருக்குள் இருக்கிறது. மகளுக்கு இப்போது ஹான்டில் போடப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.