படைவீட்டுக் குடும்பங்களும் கல்வித் தொண்டும்

மணிமங்கலம் என்றவுடன் வரலாறு கற்றோர்க்கு நினைவில் எழுவது போர். ஏழாம் நூற்றாண்டில் வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையும், பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மனின் படையும் இவ்வூரிற் பொருதன. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் பல்லவன் வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகின்றது. பின்னர் 642ஆம் ஆண்டில் வாதாபி வீழ்ந்தது. வென்ற மன்னன் பெயரும் தோற்ற மன்னன் பெயரும் நிலைத்துவிட்டன. அவர்களுக்காகக் குருதி சிந்திய வீரர்களின் மனைவியர் யாவர், அவர்தம் மக்கள் எவ்வாறு பிழைத்தனர் என்பதை அச்செப்பேடு கூறவில்லை. நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் நாம் எழுதப் புகுவது அத்தகைய குடும்பங்களைப் பற்றியேயாம். பிற்காலத்துப் படைவீடுகளில் வாழ்ந்த போர்வீரர் குடும்பங்களுக்குக் கணவனும் மனைவியுமாக நின்று தொண்டாற்றியோர் சிலரையும், அத்தொண்டின் வழியே நம் மக்கள் பெற்றதையும் பெறாததையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

இல்லறத்தார் இருவரும் இணைந்து செய்யும் தொண்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. வாதாபியை அழித்த படைத்தலைவர் பரஞ்சோதியார், பின்னர்ப் படைத்தொழிலை நீத்துத் தம் மனைவியார் திருவெண்காட்டு நங்கையோடு திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதளித்து வாழ்ந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அதனைப் பாடிய சேக்கிழார் பெருமானும் நம் ஊருக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரினரே. ஆயின் அது அடியார்க்குச் செய்த தொண்டு. படைவீரன் வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் எழுத்தறிவிக்கும் தொண்டு, நாமறிந்த அளவில், கும்பெனியார் காலத்திலேதான் தோன்றிற்று.

கும்பெனியார் நம் பகுதியைச் சூழப் படைவீடுகளை அமைத்தனர். பரங்கிமலையில் பீரங்கிப் படையும், பல்லாவரத்திலும் பூவிருந்தவல்லியிலும் பிற பிரிவுகளும் தங்கின. சென்னைப் படையில் நம் மக்கள் தொடக்க காலம் முதலே சிப்பாய்களாகச் சேர்ந்தனர். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையில் மிகுதியாக விளங்கினர். வங்காளப் படையின் சிப்பாய் தன் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் படைக்குச் செல்வான். சென்னைப் படையின் சிப்பாயோ குடும்பத்தையும் உடனழைத்துச் செல்வான். படை இடம் பெயர்ந்தால் குடும்பமும் பெயரும். பணியில் இறந்த சிப்பாயின் மகனைச் சிறு ஊதியத்தில் பட்டாளத்துப் பையனாகப் பதிவு செய்து குடும்பத்தைத் தாங்கும் வழக்கமும் இப்படையில் இருந்தது. ஆகவே சென்னைப் படைவீடு என்பது வெறும் ஆடவர் பாசறையன்று. மகளிரும் குழந்தைகளும் நிறைந்த ஒரு நகர்ப்புறச் சேரியாகவே அது விளங்கிற்று.

இத்தகைய குடும்பங்களிடையே நிகழ்ந்த சமயத்தொண்டைப் பற்றிய பழங்குறிப்பு ஒன்று பாளையங்கோட்டையைச் சார்ந்தது. திருச்சிராப்பள்ளியில் கோட்டைப் படையினர்க்குக் குருவாகவும் இருந்த செர்மானியரான சுவார்ட்சு ஐயர் 1771ஆம் ஆண்டில் அதனைக் குறித்துள்ளார். பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்பவர் மக்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி வந்தார். அங்கிருந்த ஆங்கிலச் சார்ஜண்டு ஒருவரும் அவருடைய மனைவியும் அப்பணியைச் சார்ந்து நின்றனர். சார்ஜண்டு, ஓர் இளைஞனுக்கு வேதபாடத்தைத் தாமே கற்பித்து ஞானமுழுக்கும் அளித்துவிட்டார். போதிய தெளிவு பெறுமுன் அவ்வாறு செய்தது பற்றிச் சுவார்ட்சு வருந்தினார். அக்குறிப்பில் அம்மாதரசி, தம் சபையைச் சார்ந்தவள் என்றும் சார்ஜண்டின் மனைவி என்றும் சுட்டப்படுகிறாள். சில ஆண்டுகள் கழித்து, 1778இல், கிளாரிந்தா எனப் பெயர் பெற்ற பிராமணக் கைம்பெண் அவ்வூரிலேயே ஞானமுழுக்குப் பெற்றார். அவருக்கு முதன்முதல் கிறித்தவ நெறியை அறிவித்தவரும் லிட்டில்டன் என்னும் படை அதிகாரியே. 1785இல் அவ்வம்மையாரின் முயற்சியால் எழுந்த சிறு கோவில், நெல்லைத் திருச்சபையின் தொடக்கமாக இன்றும் போற்றப்படுகின்றது. பெரிய குருமார் வருமுன்னரே படைவீட்டு இல்லங்களிலிருந்து இப்பணி தொடங்கிற்று என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

இனி, படைவீட்டுக் குழந்தைகளுக்கெனவே தம் வாழ்நாளின் பெரும் பகுதியை ஈந்த ஒரு தம்பதியரைக் காண்போம். ஹென்றி லாரன்சு 1806இல் இலங்கையின் மாத்தறையிற் பிறந்தவர். அவர் தந்தையார் 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் ஈடுபட்ட படை அதிகாரி. ஹென்றி வங்காளப் பீரங்கிப் படையிற் சேர்ந்து பின்னர்ப் பஞ்சாபில் உயர் பதவி வகித்தார். 1837இல் கல்கத்தாவில் அவரை மணந்த ஓனோரியா அம்மையார், கூடாரங்களிலும் படைவீடுகளிலும் கணவரோடு அலைந்து வாழ்ந்தவர், இறைப்பற்று மிக்கவர். தம் பெண் குழந்தை ஒன்றைச் சிறு பருவத்திலேயே அவர்கள் பறிகொடுத்தனர். சமவெளிப் பாசறைகளின் வெப்பத்திலும் நோயிலும் சாராய நெடியிலும் வெள்ளைச் சிப்பாய்களின் குழந்தைகள் மடிவதையும், தாய் தந்தையற்றுத் திரிவதையும் இருவரும் நேரிற் கண்டனர். அக்குழந்தைகளை மலைப்பகுதிக்குக் கொண்டு சென்று உண்டியும் உறையுளும் கல்வியும் ஒருங்கே அளிக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி.

1847ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கசௌலிக்கு அருகிலுள்ள சனாவரில் அவ்வில்லம் திறக்கப்பட்டது. சிறுவரும் சிறுமியரும் ஒருங்கே சேர்க்கப்பட்டனர். லாரன்சு தம் ஊதியத்திலிருந்து தாராளமாகப் பொருளீந்தார். ஓனோரியா 1854இல் அபு மலையில் மறைந்தார். ஹென்றி 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இலட்சுமணபுரி முற்றுகையிற் குண்டடிபட்டு இறந்தார். அவர் நினைவாக 1858இல் நீலகிரியிலும் ஓர் இல்லம் தோன்றிற்று. சிறு குழந்தைகளின் துயர் கண்டு உருகி, உருகியதோடு நில்லாது நிலையான நிறுவனம் அமைத்த இத்தம்பதியரின் தொண்டு மெய்யானது. அதனை நாம் குறைத்து மதிப்பிடோம்.

ஆயினும் அவ்வில்லத்திற்கு ஒரு மதில் இருந்தது. அது வெள்ளைச் சிப்பாய்களின் குழந்தைகளுக்காகவே அமைந்தது. தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராயிருந்தால் முதலிடம் என்பது அதன் விதி. அதே படையில், அதே வெயிலில், அதே கொடியின்கீழ் மடிந்த நம் சிப்பாயின் குழந்தைக்கு அம்மலையில் இடமில்லை. அருளுடைய நெஞ்சமும் தன் காலத்தின் வேலியைத் தாண்டவில்லை. இன்று அப்பள்ளிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர் எனின், அது பின்வந்த மக்களாட்சியின் பயனாகும்.

அவ்வாறாயின் நம் சிப்பாயின் குழந்தைக்கு எழுத்தறிவித்தோர் யார்? படைப்பிரிவோடு இணைந்த பள்ளிகளே. மூன்றாவதாக நாம் காணும் தம்பதியரை உலகம் நன்கறியும். அவர்கள் சுபேதார் இராம்ஜி சக்பாலும் அவர் மனைவியார் பீமாபாயும் ஆவர். இராம்ஜியின் தந்தை மாலோஜியும் படைவீரரே. பீமாபாயின் தந்தையாரும் படையில் உயர்நிலை எய்தியவர். இராம்ஜி பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் படைப்பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். கும்பெனிப் படையில் சிப்பாய்களின் குழந்தைகளுக்குக் கல்வி கட்டாயமாயிருந்தது. ஆண்பிள்ளைக்குப் பகற்பள்ளி, பெண்பிள்ளைக்கும் பள்ளி, வளர்ந்தோர்க்கு இரவுப் பள்ளி என அது நடைபெற்றது. கபீர் நெறியைப் பின்பற்றிய அக்குடும்பத்தில் காலையும் மாலையும் பக்திப் பாடல்கள் ஒலித்தன. சம்பளம் பெற்ற சமயப் பணியாளர் அல்லர் அவ்விருவரும். எனினும் படைவீட்டுக் குழந்தைகளிடையே அவர்கள் வாழ்ந்த வாழ்வு தொண்டு என்னும் சொல்லுக்கு முற்றும் உரியது. மௌ என்னும் படைவீட்டு நகரில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர்களுடைய பதினான்காம் குழந்தையாகப் பிறந்தவரே அண்ணல் அம்பேத்கர்.

படைவீட்டிற்குள் இருந்தவரை இராம்ஜி ஆசிரியர், மரியாதைக்குரியவர். பணி ஓய்வு பெற்றுப் படைவீட்டின் எல்லையைக் கடந்தபின் அவர் மகனின் நிலை என்ன? சாதாராப் பள்ளியில் அச்சிறுவன் வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணிச்சாக்கின் மீது தனியே அமர்ந்தான். பள்ளிப் பணியாள் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலவில்லை. தலைமையாசிரியர் ஒருவரின் மகனுக்கே இந்நிலை எனின், ஏனையோர் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

படைவீட்டின் கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்சு பிரபு, வடநாட்டினரே போர்க்குடியினர் என்ற கொள்கையை வலியுறுத்தினார். சென்னைப் படைப்பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. சிலவற்றில் பஞ்சாபியர் நிரப்பப்பட்டனர். 1890களின் தொடக்கத்தில் மகர் மக்களைப் படையிற் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற சிப்பாயான கோபால் பாபா வலங்கர் 1894இல் விண்ணப்பம் எழுதினார். 1910இல் சிவராம் சான்பா காம்ப்ளே மீண்டும் முறையிட்டார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் 111ஆவது மகர் பிரிவை அமைத்தனர்; தேவை தீர்ந்ததும் 1921இல் கலைத்தனர். இரண்டாம் உலகப் போர் வந்தபின் 1941இல் மகர் படை மீண்டும் உருவாயிற்று.

இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. படைவீட்டுப் பள்ளி நம் மக்களின் உரிமையை ஏற்று அமைந்ததன்று; ஆட்சியாளரின் தேவைக்காக அமைந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த சிப்பாய் அவர்களுக்கு வேண்டியிருந்தான். ஆகவே பள்ளி வந்தது. சிப்பாய் வேண்டாதபோது அவன் பிள்ளையின் படிப்பும் அவர்களுக்கு வேண்டாததாயிற்று. பிறர் தேவைக்காக ஏற்றப்படும் விளக்கு, தேவை தீர்ந்தவுடன் அணைக்கப்படும்.

எனினும் ஒரு தலைமுறை பெற்ற கல்வியை யாராலும் திரும்பப் பறிக்க முடியவில்லை. நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையையே சான்றாகக் கூறலாம். அப்படைவீட்டு ஊரில் 1883ஆம் ஆண்டு பிறந்தவர் பெருந்தலைவர் எம். சி. ராஜா. அவர் தந்தையார் மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை, முன்னர்க் கூறிய லாரன்சின் பெயர் தாங்கிய நிறுவனத்தில் மேலாளராகப் பணியாற்றியவர். எந்த இல்லத்தின் மதிலுக்குள் நம் குழந்தைக்கு இடமில்லாதிருந்ததோ, அதன் பெயர் கொண்ட நிறுவனத்தின் ஊதியம் ஒரு நம்மவர் வீட்டில் படிப்பாக மாறிற்று என்பது வரலாற்றின் விந்தை! ராஜா வெசுலி மிசன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, ஆசிரியராகித் தொண்டாற்றினார். சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலாய் ஒலித்தார். இழிவுப் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்கச் செய்ததில் 1922இல் அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. 1927இல் மத்திய சட்டமன்றத்தில் இடம்பெற்றார். மௌவில் ஓர் ஆசிரியரின் மகன். பரங்கிமலையில் ஒரு மேலாளரின் மகன். இருவரும் தம் கருத்து வேறுபாடுகளுக்கிடையேயும் கல்வியையே முதற் படைக்கலமாகக் கொண்டனர்.

இன்று மணிமங்கலத்தைச் சுற்றி வேறொரு படைவீடு எழுந்துள்ளது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிரம்பியுள்ளன. சீருடை அணிந்த இளைஞர் பேருந்து பேருந்தாகச் செல்கின்றனர். ஆலைக்கு ஆள் வேண்டும். ஆகவே பயிற்சி தரப்படுகின்றது. அதனை நாம் வேண்டாமென்று கூறவில்லை. வேலை நம் இளைஞர்க்கு இன்றியமையாதது. ஆயின் ஓர் எந்திரத்தை இயக்கும் அளவிற்கு மட்டும் கற்றவன், அவ்வெந்திரம் மாறும் நாளில் வாயிலுக்கு வெளியே நிற்பான். சிப்பாய்க்கு நேர்ந்தது தொழிலாளிக்கு நேராதிருக்க வேண்டுமாயின், ஆலையின் தேவையைக் கடந்த கல்வி, சட்டமும் வரலாறும் மொழியும் அறிவியலும் அடங்கிய முழுக் கல்வி, நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதனை அளிக்கும் பொறுப்பை ஆலையிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் ஆகாது. நம் கழகம் போன்ற அமைப்புகள் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நிலைபெற வேண்டியதன் காரணம் இதுவே.

இக்கட்டுரையிற் கண்ட மூன்று தம்பதியரிடமும் நாம் கற்கத்தக்கன உள. சார்ஜண்டின் மனைவி வாழ்ந்த வீட்டைப் போல நம் ஒவ்வொரு வீடும் கற்பிக்கும் இடமாக இருத்தல் வேண்டும். லாரன்சு தம்பதியரைப் போல இரக்கத்தை நிறுவனமாக்குதல் வேண்டும். அவர்கள் எழுப்பிய மதிலை மட்டும் நாம் எழுப்பலாகாது. நம்மினும் வறியோர்க்கும், பெண்மக்களுக்கும், வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்தோரின் குழந்தைகளுக்கும் நம் மாலைப் பள்ளியின் வாயில் திறந்திருக்கட்டும். இராம்ஜியையும் பீமாபாயையும் போலத் தம் குழந்தையின் படிப்பை ஊரின் படிப்பாகக் கருதும் பெற்றோர் நம் தெருவிலும் பெருகட்டும். அரசர் பொருத களம் என்று மட்டும் அறியப்பட்ட மணிமங்கலம், எளியோர் வீட்டுப் பிள்ளைகள் கற்றுயர்ந்த ஊர் என்றும் அறியப்பட நாம் அனைவரும் உழைப்போமாக!