ரேடியோ குடித்த பேட்டரி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தங்கச்சிமடத்திலிருந்து தங்கை மகன் போன் செய்தான். “மாமா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது” என்றான். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் எழுந்து வந்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார். மச்சான் இப்போது நலம். கார் இரண்டு நாள்தான் எடுக்காமல் நின்றிருந்தது. பத்து நாள் முன்பு புது ஸ்டீரியோ மாட்டியிருந்தான். “பேட்டரி போச்சு, புதுசு போடுங்க” என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் அவசரப்படாதே என்றேன். ஏனென்றால் ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் உள்ள இந்த வழக்கு நம் கடற்கரையில் மிகப் பழையது.

கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று வானொலி நிலையம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காக அங்கே சக்தி மிகுந்த ஒலிபரப்பி நிறுவினார்கள். போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1952-க்குப் பிறகு, அமைச்சர் பி.வி.கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டது. 1957-ல் விவித பாரதி வரும்வரை, ஏன் அதற்குப் பிறகும், நமக்குப் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். மத்திய அலை உப்புநீரின் மேல் நன்றாகப் பயணம் செய்யும். அதனால் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலக் கேட்டன.

ஆனால் கேட்பதற்கு மின்சாரம் வேண்டுமே! கரண்ட் வராத ஊர்களில் வால்வு ரேடியோவைப் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இழை சூடானால்தான் அது வேலை செய்யும். இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, வால்வை இயக்க 90 வோல்ட் அளவுக்கு இன்னொரு பேட்டரி. பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் இழை மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே செய்தி முடிந்ததும் பெரியவர்கள் முதலில் செய்த காரியம் குமிழைத் திருகி அணைத்ததுதான்.

காரிலும் இதே கதை. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் விற்ற கார் ரேடியோவின் பெயர்தான் மோட்டோரோலா. அந்தக் காலத்துக் கார் ரேடியோக்களுக்குத் தனி பேட்டரிகள் வைக்க வேண்டியிருந்தது. பிறகு காரின் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வழி வந்தது. வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் ரேடியோவும் பங்கு கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

1947-ல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் இந்தப் பசியைக் குறைத்தது. சூடாக்க இழை கிடையாது. நாலு பேட்டரிக் கட்டையில் வாரக்கணக்கில் பாடியது. பாட்டு கமறத் தொடங்கினால் கட்டைகளை வெயிலில் காயவைப்போம், நினைவிருக்கிறதா? சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும், இன்னும் இரண்டு நாள் ஓடும். போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலம் அது. 1980-களில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

நம் கரையில் அது வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலில் போனது, பாம்பன் பாலமும் சிதைந்தது. அதைப் பார்த்த தலைமுறைக்கு வானிலை அறிக்கை என்பது சடங்கு இல்லை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் கடைசி இரண்டு கட்டையைப் பாட்டுக்குச் செலவழித்தால் திட்டு விழுந்ததன் காரணம் அதுதான்.

தீவுக்குக் கார் சாலை வழியாக வந்ததே 1988 அக்டோபர் 2-ல் இந்திரா காந்தி பாலம் திறந்த பிறகுதான். அதுவரை கார்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். பாலத்தோடு கேசட் போடும் ஸ்டீரியோவும் வந்தது. இன்றைய ஸ்டீரியோவோ சாவியை எடுத்தாலும் முழுசாகத் தூங்குவதில்லை.

தங்கை மகன் காரில் நடந்தது இதுதான். ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருக்கும். கடிகாரமும் நிலைய நினைவும் அதில் ஓடும். சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெற வேண்டும். மாட்டியவர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டார். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாமாம்! ஸ்டீரியோ விழித்தே இருந்தது, அது நீல ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரையும் எழுப்பியே வைத்திருந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். எல்லாவற்றையும் அணைத்து, காரைப் பூட்டி, அரைமணி நேரம் விடுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டரை அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் சேருங்கள். மீட்டர் இருக்கும்போது வண்டியைக் கிளப்பக் கூடாது. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. கூடுதலாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான்.

அவன் காரில் அரை ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் போட்ட கணக்குதான். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை 0.5-ஆல் வகுத்தால் 70 மணி நேரம். வண்டி கிளம்பாமல் போக அதில் பாதியே போதும். சிவப்பு ஒயரைச் சரியான இடத்தில் மாற்றினான், அளவு இறங்கிவிட்டது. பேட்டரியைச் சார்ஜ் செய்தான், அதுவே இன்றும் ஓடுகிறது. நம் உப்புக்காற்றுக்கு முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூக்கும். சுடுநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, வாசலின் தடவுங்கள். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தையும் சுரண்டிப் பாருங்கள்.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. 90.4-ல் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரும் நாலு புதுக் கட்டையும் வீட்டில் இருக்கட்டும். அவசரத்துக்கென்று வைத்த மின்சாரத்தை யாரும் கேட்காத பாட்டு குடித்துவிடக் கூடாது. நம் பெரியவர்கள் குமிழைத் திருகி அணைத்தது கஞ்சத்தனம் இல்லை.

இலங்கை வானொலி கேட்ட கதை உங்கள் வீட்டிலும் இருக்குமே, கீழே எழுதுங்கள். படிக்கிறேன்.

வாழ்க நலமுடன்.