'படம் எப்படி ப்ரோ?'... தியேட்டர் வாசல் விமர்சனத்துக்கு தடை போட முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

முதல் காட்சி முடிந்து வெளியே வந்தால் நாலைந்து மைக் முகத்துக்கு நேராக நீளும். 'படம் எப்படி ப்ரோ?' என்று கேட்பார்கள். 'வேற லெவல்' என்பார் ஒருவர். 'தலைவலி சார்' என்பார் பக்கத்தில் நிற்பவர். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே யூடியூபில் ஓடும். சாயங்கால ஷோவுக்கு டிக்கெட் போடலாமா என்று யோசிப்பவர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

இந்த 'பப்ளிக் ரிவ்யூ'வை நிறுத்தச் சொல்லி தயாரிப்பாளர்கள் கோர்ட் வரைக்கும் போனார்கள். கோர்ட் என்ன சொன்னது? ஒரு படத்தை 'மொக்கை' என்று சொன்னால் நம் மேல் கேஸ் வருமா?

பிரச்னை எங்கே ஆரம்பித்தது?

சிவா இயக்கத்தில் சூர்யா நடித்த 'கங்குவா' 2024 நவம்பர் 14-ல் வெளியானது. முதல் நாளே சமூக வலைதளங்களில் படத்தை வறுத்தெடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' என மூன்று பெரிய படங்களுக்கும் முதல் நாள் விமர்சனங்களால் பாதிப்பு, எனவே யூடியூப் சேனல்களை தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்பது கோரிக்கை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'காது கிழியுது' என்பதுதான் 'கங்குவா' பற்றி ரசிகர்கள் அதிகம் சொன்ன புகார். ஒலியின் அளவை இரண்டு பாயின்ட் குறைக்கும்படி தியேட்டர்களை கேட்டுக்கொண்டதாக தயாரிப்பாளரே சொன்னார். படத்தை ஆதரித்து பதிவு போட்ட ஜோதிகாவும், முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு படத்தின் நீளமும் குறைக்கப்பட்டது. ஆக, வாசலில் நின்று சொன்னது எல்லாமே வன்மம் என்று ஒதுக்க முடியாது.

ஏன் 'மூன்று நாள்' கேட்டார்கள்?

ஒரு காலத்தில் படம் மெதுவாக 'பிக்கப்' ஆகி 100 நாள் ஓடும். இப்போது பெரிய படங்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஸ்கிரீன்களில் இறங்குகின்றன. வெள்ளி, சனி, ஞாயிறு வசூல்தான் பெரும்பாலான படங்களின் தலையெழுத்து. நாலு வாரம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு. எனவே முதல் ஷோவில் ஒருவர் உதிர்க்கும் ஒற்றை வார்த்தைக்கு விலை கூடிவிட்டது.

உயர்நீதிமன்றம் சொன்னது என்ன?

ரிலீஸாகி மூன்று நாட்களுக்கு ஆன்லைன் விமர்சனங்களுக்கு தடை கேட்டு, தமிழ் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் விசாரித்த நீதிபதி சவுந்தர், இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம், பொத்தாம் பொதுவாகத் தடை போட முடியாது, அவதூறாக இருந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம் என்பது அவரது நிலைப்பாடு. மத்திய, மாநில அரசுகளும் யூடியூப் நிறுவனமும் பதிலளிக்கவும் உத்தரவிட்டார்.

கேரளாவில் இது 2023-லேயே கோர்ட்டுக்குப் போய்விட்டது. பணம் பறிக்கும் நோக்கில் திட்டமிட்டு படத்தைக் கவிழ்ப்பதுதான் குற்றம், நேர்மையான விமர்சனத்துக்கு தடை இல்லை என்று கேரள உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கோர்ட்டுக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சனம் செய்யலாம் என்று பரிந்துரைத்தார். அது ஒரு யோசனைதான், சட்டம் இல்லை.

'மொக்கை' என்றால் அவதூறா?

இல்லை. இதற்கான பதில் 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது என்பதுதான் சுவாரஸ்யம். சினிமா பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முந்தைய சட்டம் அது! அவதூறு பற்றிய 499-வது பிரிவின் ஆறாவது விதிவிலக்கு, மக்கள் தீர்ப்புக்காக ஒருவர் முன்வைக்கும் படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்து சொல்வது அவதூறு ஆகாது என்றது. புத்தகம் வெளியிடுபவர், மேடையில் நடிப்பவர், பாடுபவர் எல்லோரும் தங்கள் படைப்பை மக்கள் தீர்ப்புக்கு வைக்கிறார்கள் என்று உதாரணமும் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது.

கோடு எங்கே? அதையும் சட்டமே காட்டுகிறது. 'புத்தகம் முட்டாள்தனமாக இருக்கிறது, எழுதியவர் பலவீனமானவராகத்தான் இருக்க வேண்டும்' என்றால் பாதுகாப்பு உண்டு. ஏனென்றால் படைப்பில் தெரிவதை வைத்துத்தான் அந்தக் கருத்து. 'அந்த ஆளே ஒழுக்கம் கெட்டவன், அவன் புத்தகம் இப்படித்தான் இருக்கும்' என்றால் பாதுகாப்பு கிடையாது. சினிமாவுக்குப் பொருத்தினால், 'ஹீரோவுக்கு நடிப்பே வரலை' என்று சொல்லலாம். ஹீரோவின் குடும்பத்தை இழுத்தால் சிக்கல். அவதூறு நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை என தண்டனை வரலாம்.

பாராட்டுக்கும் கணக்கு உண்டு

காசு வாங்கிக்கொண்டு 'பிளாக்பஸ்டர்' என்று போஸ்ட் போடுவதும் இதே அளவு மோசடிதான், ஆனால் அதை எதிர்த்து எந்தச் சங்கமும் கோர்ட் படி ஏறியதாகத் தெரியவில்லை. பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு பேசும் இன்ஃப்ளூயன்சர்கள் அது விளம்பரம் என்று பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

தடைக்குப் பதிலாக வேறு வழியும் உண்டு. அமெரிக்காவின் ராட்டன் டொமேட்டோஸ் தளம் 2019-ல், படம் ரிலீஸாகும் முன்பே ரசிகர்கள் கருத்து போடுவதை நிறுத்தியது. டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டவும் ஆரம்பித்தது. பார்க்காமலேயே திட்டுபவரும் பார்க்காமலேயே பாராட்டுபவரும் இதில் ஓரளவு வடிகட்டப்படுகிறார்கள்.

அப்போ தியேட்டர்காரர்கள் தடுக்கலாமா?

தடுக்கலாம். தியேட்டர் வளாகம் தனியார் இடம் என்பதால் உள்ளே கேமராவை அனுமதிப்பதும் மறுப்பதும் உரிமையாளர் விருப்பம். கேட்டுக்கு வெளியே அந்த அதிகாரம் செல்லாது. எதிரே டீக்கடையில் நின்று, கையில் இருக்கும் போனில் 'இன்டர்வெல் வரைக்கும் ஓகே ப்ரோ' என்று பேசி அப்லோடு செய்பவரை எந்தத் தியேட்டர் நிர்வாகமும் நிறுத்த முடியாது.