தஞ்சைப் பெரிய கோயிலில் மோதிய தியோடலைட்

முன்னுரை

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி மாணவர்கள் பல செய்திகளை அறிந்திருப்பார்கள். இராசராச சோழன் எழுப்பியது, கி.பி. 1010இல் நிறைவுற்றது, விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி என்பன அனைவரும் அறிந்தவை. அதே கோயில் இந்திய நில அளவை வரலாற்றிலும் இடம் பெற்றிருப்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1808ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவைப் பணிக்காக அரை டன் எடையுள்ள ஒரு கருவியைக் கயிறு கட்டிக் கோயிலின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. அந்தக் கருவியின் பெயர் தியோடலைட்.

அது எங்கிருந்து வந்தது, தஞ்சையில் அதற்கு என்ன நேர்ந்தது, யார் அதைச் சீர்செய்தார்கள் என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது. பழைய இராணுவக் கருவி ஒன்றை ஆராய்வோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

தியோடலைட் என்றால் என்ன?

நாம் நிற்கும் இடத்திலிருந்து தொலைவில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பார்த்தால், அந்த இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் இடையே ஒரு கோணம் இருக்கும். அதை அளப்பதே தியோடலைட்டின் வேலை. அடியில் பாகை பிரிக்கப்பட்ட ஒரு கிடைவட்டம், மேலே சுழலும் தொலைநோக்கி, கோடுகளைப் படிக்க நுண்ணோக்கிகள் ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள்.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிடலாம் என்று பள்ளியில் படிக்கிறோம். நில அளவையிலும் இதே விதிதான். முதலில் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் மிகத் துல்லியமாக அளப்பார்கள். பிறகு அதன் மேல் முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போவார்கள். ஆறோ காடோ குறுக்கிட்டாலும் சங்கிலியை இழுக்க வேண்டியதில்லை. கோணம் சரியாக இருந்தால் போதும். கோணம் பிழைத்தால் அதற்குப் பின் வரும் எல்லா முக்கோணங்களும் பிழைபடும்.

லாம்டனும் அவரது கருவிகளும்

இந்தப் பணியைத் தென்னிந்தியாவில் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். இவர் ஆங்கிலேயப் படையின் 33ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த அதிகாரி. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றவர். போர் முடிந்ததும் தீபகற்பத்தின் குறுக்கே முக்கோண முறையில் அளவை நடத்தலாம் என்று திட்டம் தந்தார். சென்னை அரசு ஒப்புதல் அளித்தது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் ஏழரை மைல்.

அளக்கப் பயன்பட்ட 100 அடி எஃகுச் சங்கிலிக்குத் தனிக் கதை உண்டு. இலண்டனின் புகழ்பெற்ற கருவியாளர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தது அது. 1793இல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனப் பேரரசரிடம் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவோடு பயணம் செய்தது. சீனத்தில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. தூதுக்குழுவில் இருந்த அறிவியலறிஞர் டின்விடி வழியாகக் கல்கத்தா வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்குக் கிடைத்தது.

பெரிய தியோடலைட்டோ இலண்டனில் வில்லியம் கேரி என்பவரிடம் சொல்லிச் செய்யப்பட்டது. அதன் கிடைவட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம், அதாவது ஒரு கெசம். அதைத் தூக்கிச் செல்லவே ஓர் ஆள்கூட்டம் வேண்டும்.

கப்பல் கதையும் காலக்கணக்கும்

இந்தத் தியோடலைட் இந்தியா வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களால் கைப்பற்றப்பட்டு மொரீசியசுத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது என்று ஒரு கதை உண்டு. கைப்பற்றிய போர்க்கப்பல் 'பியெமொந்தேசு' என்றும், ஆளுநர் தெக்கேன் பெருந்தன்மையோடு பாராட்டுக் கடிதம் ஒன்றையும் சேர்த்துக் கருவியைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்றும் சொல்வார்கள். கிளெமெண்ட்ஸ் மார்க்கம் 1871இல் வெளியிட்ட இந்திய நில அளவைகள் பற்றிய நூலில் இது உள்ளது. பிறகு வந்த பலரும் அதை அப்படியே எடுத்து எழுதினார்கள்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். லாம்டன் இந்தத் தியோடலைட்டைக் கொண்டு வேலை தொடங்கியது 1802இல். தெக்கேன் மொரீசியசுக்கு ஆளுநராக வந்தது 1803இல். பியெமொந்தேசு கப்பல் கடலில் இறக்கப்பட்டது 1804இல். அப்படியானால் இன்னும் கட்டப்படாத கப்பல் ஒன்று கருவியைப் பிடித்திருக்க முடியாது. இன்னும் பதவி ஏற்காத ஆளுநர் ஒருவர் அதைத் திருப்பி அனுப்பியிருக்கவும் முடியாது. கருவி பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கதையில் வரும் கப்பலும் ஆளுநரும் காலத்தோடு பொருந்தவில்லை.

பழம்பொருள் ஆராய்ச்சியில் இது முதல் பாடம். கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், எத்தனை நூல்களில் வந்திருந்தாலும், நாள்களை அடுக்கிப் பார்க்காமல் ஏற்கக்கூடாது.

நெல்வயல் நாட்டில் உயரம் தேடி

முக்கோண அளவைக்கு உயரமான இடம் வேண்டும். மைசூர்ப் பகுதியிலும் சேலம் பகுதியிலும் மலைகள் இருந்தன. ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றைப் பார்த்து அளப்பது எளிது. சென்னை அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் வழியே பெங்களூர் வரை கணக்கிட்டு, அங்கே 1804இல் இன்னோர் அடிக்கோட்டை நேரில் அளந்து ஒப்பிட்டபோது, சுமார் 7 மைல் நீளத்தில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவாகவே இருந்தது. கருவியும் ஆளும் எவ்வளவு துல்லியம் என்பதற்கு அதுவே சான்று.

காவிரிப் படுகைக்கு வந்ததும் நிலைமை மாறியது. இங்கே மலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, பனைவரிசை. தரையில் நின்றால் பக்கத்து ஊர்த் தோப்பே பார்வையை மறைக்கும். மரங்களுக்கு மேலே தலை நீட்டியவை கோயில்கள் மட்டுமே. ஆகவே லாம்டன் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினக் கடற்கரை வரை அவரது வேலை கோயில்களின் மேலேயே நடந்தது.

அப்படிப் பார்க்கும்போது தஞ்சை விமானத்தைவிட நல்ல இடம் ஏது? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இறைவனுக்காக எழுப்பிய உயரம், முக்கோணத்தின் உச்சியாகப் பயன்படப்போகிறது என்று அதைக் கட்டியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

1808: கயிறு அறுந்தது

ஆங்கிலேயர் அக்காலத்தில் நம் கோயில்களைப் 'பகோடா' என்று எழுதினர். பழைய அறிக்கைகளில் 'தஞ்சைப் பகோடா' என்று வருவது பெரிய கோயிலையே குறிக்கும். அதன் மேலே தியோடலைட்டை ஏற்றக் கப்பியும் கயிறும் கட்டினார்கள். இழுக்கும் கயிறு ஒன்று. கருவி சுவரில் இடிக்காதபடி விலக்கிப் பிடிக்கும் கயிறு இன்னொன்று. அந்த இரண்டாவது கயிறுதான் அறுந்தது. கருவி ஊசலாடி முழு வேகத்தோடு சுவரில் மோதியது.

அடி விழுந்தது கிடைவட்டத்தை மெல்ல நகர்த்தும் நுண்திருகின் மேலும் அதன் பிடிப்பின் மேலும். அதனால் வட்டமே உருக்குலைந்தது. பார்த்தவர்கள் இனி இது பயன்படாது என்றே எண்ணினார்கள்.

இந்தச் சேதம் எவ்வளவு பெரியது என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிடலாம். 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 0.13 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். விளிம்பு அந்த அளவு விலகினால், 30 மைல் தொலைவில் உள்ள புள்ளி சுமார் 46 அடி தள்ளிப்போகும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத வளைவு, நிலத்தில் ஒரு தெருவின் அகலத்தைவிடப் பெரிய பிழையாகிவிடும். இங்கோ வளைவு கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆறு வார மராமத்து

இலண்டனிலிருந்து புதுக் கருவி வரவேண்டுமானால் கப்பல் வழியே பல மாதங்கள் ஆகும். அதுவரை அளவை நின்றுவிடும். லாம்டன் கருவியை முற்றிலும் பிரித்துப்போட்டார். பெரிய தட்டையான பலகை ஒன்றில் கிடைவட்டம் இருக்கவேண்டிய சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டச் செய்தார். நெளிந்த விளிம்பை ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் சிறிது சிறிதாக இழுத்து அந்த வட்டத்தோடு பொருந்த வைத்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்திகளால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் வட்டம் ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கு வந்தது. அதே கருவியோடு அவர் மீண்டும் களத்தில் இறங்கினார். 1809இல் பாளையங்கோட்டைப் பக்கம் அடுத்த அடிக்கோடு அளக்கப்பட்டது.

'ஏறத்தாழ' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முற்றிலும் பழையபடி ஆகிவிடவில்லை. வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் படித்துச் சராசரி எடுத்தால் ஒரு பகுதிப் பிழை நீங்கும். வட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, வேறு வேறு இடங்களில் அதே கோணத்தைப் பலமுறை படித்தால் மேலும் குறையும். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த இரண்டாவது முறையைக் கண்டிப்பான விதியாகவே ஆக்கினார். 1860களிலும் 1870களிலும் பெரும் வில்லின் தென்பகுதி புதிய கருவிகளைக் கொண்டு மறுபடி அளக்கப்பட்டது.

ஆர்க்காட்டுக் கைவினைஞர்

லாம்டன் 1823இல் மராட்டியப் பகுதியில் உள்ள ஹிங்கன்காட்டில் இறந்தார். கருவி எவரெஸ்டிடம் வந்தது. 1830இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்றி பாரோ என்ற கருவியாளர் கல்கத்தாவில் அதைப் பெருமளவு புதுப்பித்தார். பாரோவுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன். சென்னையில் நகை, கடிகாரம் போன்ற நுண்வேலை செய்துகொண்டிருந்தவர் இவர். இவரது கைத்திறனைக் கண்ட வாலண்டைன் பிளாக்கர் என்ற நில அளவை அதிகாரி கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். ஆங்கிலம் அறியாத இவரிடம் எவரெஸ்ட் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். ஐரோப்பியருக்கே உரியதாக இருந்த கணிதக் கருவியாளர் பதவியை 1840களில் இவருக்குப் பெற்றுத் தந்தார்.

அளவையின் பெருமையைப் பேசும்போது லாம்டன், எவரெஸ்ட் ஆகிய பெயர்களே வருகின்றன. அரை டன் கருவியைத் தோளில் சுமந்தவர்கள், விமானத்தில் கயிறு கட்டியவர்கள், மரச்சுத்தி பிடித்தவர்கள் பலர். அவர்களுடைய கைத்திறனுக்குச் சாட்சியாக உசேனின் பெயராவது ஆவணத்தில் நிலைத்திருக்கிறது.

பேணிய கருவியும் உழைத்த கருவியும்

தியோடலைட் சுவரில் மோதிய அதே காலத்தில், சற்றுத் தொலைவில் இருந்த அரண்மனையில் இரண்டாம் சரபோசி மன்னர் (1798-1832) அறிவியல் கருவிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கி, நுண்ணோக்கி, பூகோள உருண்டை, அறுவை மருத்துவக் கருவிகள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து அவருக்கு வந்தன. அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகம் அந்த ஆர்வத்துக்கு இன்றும் சான்று. அவை பேணப்பட்ட கருவிகள். லாம்டனுடையது உழைத்த கருவி. உழைத்த கருவியில் தழும்பு இருக்கும்.

இன்று பழைய இராணுவக் கருவிகளைச் சேகரிப்போருக்கும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். எடுத்துக்காட்டாக, 1970களில் ஆங்கிலக் கடற்படை மூழ்குவீரர்களுக்குத் தந்த ரோலெக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரத்தின் பின்மூடியில் அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும் இருப்பு எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முகப்பில் வட்டத்துக்குள் 'டி' எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சு டிரிட்டியம் என்று பொருள். அதற்கு முந்தைய தலைமுறை இராணுவக் கடிகாரங்கள் பலவற்றில் ரேடியம் பூசிய முகப்பைப் படைத்துறையே கழற்றி டிரிட்டியம் முகப்பாக மாற்றியது. அந்த மாற்றத்தைக் குறையாகக் கருதக்கூடாது. அதுவும் கடிகாரத்தின் பணி வரலாறே. விலைக்காகப் பிற்காலத்தில் யாரோ மாற்றியதும் உண்டு. அது மோசடி. இரண்டையும் பிரித்தறிவதே ஆராய்ச்சி. ரேடியம் பூசிய பழைய கடிகாரத்தை வீட்டில் திறப்பதோ சுரண்டுவதோ உடல்நலத்துக்குக் கேடு என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

லாம்டனின் பெரிய தியோடலைட் இன்று டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கேரி செய்தது, தஞ்சைச் சுவர் நெளித்தது, லாம்டன் நிமிர்த்தியது, பாரோ புதுப்பித்தது ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்தக் கருவி. புதிதாக இருந்த நாளில் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டால் பாதி வரலாறு போய்விடும்.

வீட்டுப் பரணில் பழைய திசைகாட்டியோ கைக்கடிகாரமோ கிடைத்தால் உடனே பளபளப்பாகத் தேய்த்துவிட வேண்டாம். முதலில் பொறித்த எழுத்து, எண், திருகின் வடு, பற்றவைத்த தடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றி வீட்டில் சொல்லும் கதையை ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்த்து அழித்த தடத்தைத் திரும்பப் பெற வழியில்லை.