நீலப் பஃபர் பிறந்த கதை

கனடாவின் அஜின்கோர்ட்டில் தொய்வு, அதாவது ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் காலையில் சரிபார்க்க வேண்டிய சாமான்கள் கொஞ்சம் கூடுதல். சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், கையுறை, அவற்றோடு மருந்தை இழுக்கும் நீலப் பஃபர். அதைப் பிள்ளை தன்னிடமே வைத்திருக்கலாம் என்ற உரிமை ஒன்ராறியோவில் 2015இல்தான் சட்டமானது. 2012இல் ரயன் கிபன்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் ஆஸ்துமா முற்றி இறந்தான். அவனுடைய பஃபர் அப்போது அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. அவன் தாய் விடாமல் போராடியதால் வந்ததே ரயன் சட்டம்.

பஃபர் வருமுன் தொய்வுக்காரர் என்ன செய்தார்கள்? புகைத்தார்கள், அதுவும் ஊமத்தையை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். காய்ந்த ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கத்தை அவர் அங்கே அறிந்துகொண்டார். அவரிடமிருந்து கேள்விப்பட்ட ஜெனரல் ஜென்ட் 1802இல் அதைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். பிறகு ஐரோப்பாவெங்கும் 'ஆஸ்துமா சிகரெட்' விற்பனைக்கு வந்து, 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் விற்றது. மூச்சு முட்டுகிறவருக்குச் சிகரெட்டா என்று சிரிக்க வேண்டாம். மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியை ஊமத்தையில் உள்ள அட்ரோபின் தடுக்கிறது. அதன் வழியில் செய்த இப்ரட்ரோப்பியம் இன்றும் அவசரப் பிரிவில் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஊமத்தை கொடிய நஞ்சு. வீட்டில் யாரும் கைவைத்துப் பார்க்கக் கூடாது.

அடுத்து அட்ரினலின் ஊசி வந்தது. அதற்குப் பிறகு, ரப்பர்க் குமிழை அமுக்கி மருந்தைத் தூவும் கண்ணாடி நெபுலைசர். கைதவறினால் உடையும், அமுக்குகிற வேகத்துக்கேற்ப அளவும் மாறும். அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளும் அதைத்தான் பாவித்தாள். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தை ஏன் ஒரு டப்பாவில் அடைக்க முடியாது என்று 1955இல் அவள் தகப்பனைக் கேட்டாள். தகப்பன் கேள்வியை ஆய்வுகூடத்துக்கு எடுத்துப்போனார். வாசனைத் திரவியப் புட்டிக்காக வடிவமைத்த, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரே அளவை வெளிவிடும் வால்வு ஒன்று கிடைத்தது. மருந்தைத் தள்ளக் குளிர்சாதனப் பெட்டியில் பாவிக்கும் வாயுவை எடுத்துக்கொண்டார்கள். 1956 மார்ச்சில் அனுமதியும் கிடைத்தது. சிறுமியின் கேள்விக்கும் மருந்துக்கடைக்கும் இடையே ஏறக்குறைய ஒரே வருடம். இன்றைக்கு அப்படி நடக்காது.

அந்த வேகத்துக்கு விலையும் இருந்தது. 1960களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமாவால் இறக்கும் இளையோர் தொகை திடீரென ஏறியது. வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வீரியமான, இதயத்தையும் தூண்டும் ஐசோபிரனலின் என்ற மருந்துள்ள பஃபர் மீது சந்தேகம் விழுந்தது. இதயத்தை அவ்வளவாகத் தொடாமல் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தைத் தேடிய டேவிட் ஜாக் குழுவினர் இங்கிலாந்தில் சல்பியூட்டமோலைக் கண்டுபிடித்தனர். 1969இல் அது வென்டோலின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் பிள்ளைகளின் பையில் இருக்கிற நீலம் அதுதான்.

நீலம் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நோயின் உள்ளே போக வேண்டும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, பூனையின் பொடுகு, ஓகஸ்டில் பூக்கும் ராக்வீட் செடியின் மகரந்தம் போன்றவை சிலருடைய மூச்சுக்குழாயில் பட்டதும், உடல் அவற்றை எதிரியாகப் பதிவுசெய்து ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. அது மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அதே தூசி மறுபடி வந்தால் சில நிமிடங்களில் அந்தச் செல்களிலிருந்து ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் என்ற இரசாயனங்கள் கொட்டும். தசை இறுகும், நெஞ்சு விசிலடிக்கும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து இறங்கி, குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கெட்டியாகிறது. பகலில் ஓடித் திரிந்த பிள்ளை நடுச்சாமத்தில் எழுந்து இருமுவதில் இதற்கும் பங்குண்டு. இந்த அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் சுவரே தடித்துவிடும். ஒவ்வாமை இல்லாமலும் ஆஸ்துமா வரும். பெரியவர்களில் அது புதிதல்ல. எப்படித் தொடங்கினாலும், எரிச்சலுற்ற குழாய் குளிர்காற்றுக்கும் மிளகாய் வறுக்கிற நெடிக்கும்கூடச் சுருங்கும்.

சல்பியூட்டமோல் இறுகிய தசையை மட்டும் தளர்த்துகிறது. சமையலறையில் ஏதோ கருகும்போது சன்னலைத் திறப்பதைப் போன்ற வேலை அது. அடுப்பை அணைக்கும் மருந்து, இழுக்கிற ஸ்டீரொயிட், 1972இல் பெக்ளோமெதசோனாக வந்தது. நிம்மதி தரும் மருந்து முதலில் பிறந்து, குணம் காட்டும் மருந்து பின்னால் பிறந்ததை இந்தக் கதையின் பெரிய கோணலாக நான் நினைக்கிறேன். நீலத்தின் பலன் ஐந்து நிமிடத்தில் தெரியும். மற்றதன் பலன் நாள், வாரக் கணக்கில்தான் தெரியும். எதை நம்புவார்கள் மனிதர்கள்?

செப்பர்ட் வீதியில் ஒரு மருந்தகத்தில் கேட்டது இது. "உந்த ஸ்டீரொயிட் வேண்டாம் தம்பி, பழக்கமாய்ப் போயிடும். நீலத்தை மட்டும் தாங்கோ" என்றார் ஓர் அம்மம்மா. "உது பழகிற சாமான் இல்லை அம்மா. இழுத்துப்போட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கோ, அது போதும்" என்றார் மருந்தாளர். அம்மம்மாவின் முகத்தில் நம்பிக்கை இல்லை. மாத்திரை ஸ்டீரொயிட்டின் கணக்கு மில்லிகிராமில். பஃபரில் வருவது மைக்ரோகிராமில். இந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் முன்னர் சொல்லியிருக்கவில்லை. சஸ்காச்சுவான் மாகாண மருந்துப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2000இல் வெளியானது. முந்திய ஒரு வருடத்தில் கூடுதலாகப் பாவித்த ஒவ்வொரு ஸ்டீரொயிட் பஃபருக்கும் ஆஸ்துமா மரண வீதம் 21 சதவீதம் குறைந்ததை அது காட்டியது. கனடாவிலேயே கிடைத்த சான்று.

ஒன்ராறியோவின் பங்கும் சிறிதல்ல. டப்பாவிலிருந்து பீய்ச்சும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் மோதி வீணாகும். இதற்குத் தீர்வாக 1980களின் தொடக்கத்தில் இந்த மாகாணத்து லண்டன் நகரின் ட்ரூடெல் நிறுவனம் ஏரோசேம்பர் குழலைக் கொண்டுவந்தது. பஃபரைக் குலுக்கி, குழலின் பின்னால் செருகி, ஒருமுறை அமுக்கி, ஆறுதலாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். வேகமாக இழுத்தால் குழல் விசிலடிக்கும். பிள்ளைகள் அதை வெற்றிச் சத்தமென்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பார்கள். உண்மையில் அது 'மெதுவாக' என்ற எச்சரிக்கை.

ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் போல் ஓ'பேர்ன் முன்னின்று நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. இலேசான ஆஸ்துமாக்காரருக்கு, தேவைப்படும்போது மட்டும், தளர்த்தும் மருந்தும் ஸ்டீரொயிட்டும் ஒன்றாகச் சேர்ந்த பஃபரைக் கொடுத்தார்கள். தளர்த்தும் மருந்தை மட்டும் இழுத்தவர்களோடு ஒப்பிட்டால் கடும் தாக்குதல் 64 சதவீதம் குறைந்தது. 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டி, வளர்ந்தோருக்கும் பதின்வயதினருக்கும் நீலத்தை மட்டும் கொடுப்பதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

மக்மாஸ்டர்காரர் கண்ட இன்னொன்று பெற்றோருக்கு முக்கியம். கனடாவில் பள்ளி திறந்து இரண்டரை வாரம் கழித்து, செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், பிள்ளைகள் ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரிக்கு வருவது வருடத்தின் உச்சத்தைத் தொடும். வகுப்பறையில் பரவும் தடிமன் வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். கோடை விடுமுறையில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று தினசரி ஸ்டீரொயிட் மருந்தை நிறுத்திய வீடுகளுக்கு அது கெட்ட நேரம். ஓகஸ்ட் மாதமே குடும்ப வைத்தியரிடம் போய், அந்த மருந்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஒரு நீலப் பஃபரில் 200 அமுக்கல் இருக்கும். வருடத்துக்கு இரண்டுக்கு மேல் பாவிக்க வேண்டி வந்தால் கடும் தாக்குதல் வரும் ஆபத்து கூடுதல் என்றே கனடிய வழிகாட்டி கொள்கிறது. மூன்றாவதை வாங்குமுன் வைத்தியரைப் பாருங்கள்.